சீ செஸ்டுக்குச் செப்பு ஆனோடு: மீட்டர் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

கப்பல் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர், கப்பலின் அடிப்பகுதியில் உள்ள சீ செஸ்ட் என்ற பெட்டி வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருட்டு. நீரோட்டம் மெதுவாக இருக்கும், இரையோ ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கொட்டலசுக்கும் சிப்பிக்கும் இதைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது. அவை அங்கே ஒட்டாமல் இருக்கப் பரவலாகப் பொருத்தப்படுவது எம்ஜிபிஎஸ் (Marine Growth Prevention System) என்ற கருவி. செம்பு ஆனோடு, அலுமினிய ஆனோடு (கரண்ட் கொடுத்தால் கரையும் உலோகக் கம்பிகள்), கரண்ட் கொடுக்க ஒரு பேனல், அவ்வளவுதான் மொத்தமும். தயாரிப்பாளர்கள் பலர் இருந்தாலும் அடிப்படை ஒன்றே, பழுதாகும் விதமும் ஒன்றே. அதனால் எந்த மாடலையும் தனியாகப் பேசாமல், இந்த வகைக் கருவியையே இங்கே எடை போடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடலிலேயே ஓடும் எஃகுக் கப்பலுக்கு இது நல்ல கருவி. அளவு சரியாகக் கணக்கிட்டு, இன்சுலேஷன் சரியாகப் பார்த்துப் பொருத்தியிருந்தால், கப்பலை நீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த ட்ரை டாக் வரை குழாய்கள் திறந்தே இருக்கும். ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: வேலை செய்யாதபோதும் வேலை செய்வதுபோலவே காட்டும். பேனலில் பச்சை விளக்கு எரியும், ஆம்பியர் எண் நிலையாக நிற்கும், நீரில் மட்டும் ஒரு துளி செம்பு கலந்திருக்காது. ஏன் அப்படி என்பது புரிந்தால்தான் வாங்கும்போது எதைக் கேட்பது, வாங்கியபின் எதைப் பார்ப்பது என்பது தெரியும்.

செம்பு கரைவதால்தான் உயிரினம் ஒட்டுவதில்லை. இந்தப் பாடம் மிகப் பழையது. பிரிட்டிஷ் கடற்படை 18-ஆம் நூற்றாண்டிலேயே மரக்கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடித்தது. தகடு அரித்துப் போகிறதே என்று 1824-இல் ஹம்ப்ரி டேவி அதோடு இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். இரும்பு கரைந்தது, செம்பு தப்பியது. தப்பிய செம்பின் மேல் கொட்டலசும் பாசியும் அடர்ந்து வளர்ந்தன. இன்றைய எம்ஜிபிஎஸ் பழுதாகும்போது நடப்பதும் இதுதான். எங்கோ ஒரு ஷார்ட் விழுந்து செப்புக் கம்பி எஃகோடு இணைந்துவிட்டால், எஃகு அரிக்கும், கம்பி புதிதுபோல அப்படியே நிற்கும்.

பெட்டிக்குள் நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பேனல் நேர்மின் கரண்டைச் செம்புக்கும் அலுமினியத்துக்கும் அனுப்புகிறது. கப்பலின் உடலான ஹல்லின் தகடுதான் எதிர்முனை. செம்பு அயனிகள் நீரோடு குழாய் முழுக்கப் போய், இடம் தேடி வரும் கொட்டலசுக் குஞ்சுகளை ஒட்டவிடாமல் செய்கின்றன. ஒட்டும் பருவத்தில் அந்தக் குஞ்சு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. உள்ளே வரும் நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் துளைகளோ அதைவிடப் பல மடங்கு பெரியவை, அதனால் ஸ்ட்ரெய்னரை நம்பிப் பயனில்லை. அலுமினியம் கரைந்து பஞ்சுபோன்ற ஹைட்ராக்சைடு ஆகிறது. அது செம்பைச் சுமந்துகொண்டு மெதுவாக ஓடும் மூலைகளுக்கும் போகிறது, குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாகவும் படிந்து எஃகு அரிப்பைக் குறைக்கிறது. குழாய்கள் செம்பு-நிக்கல் கலவையாக இருந்தால் அலுமினியத்துக்குப் பதில் இரும்பு ஆனோடு கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கலவையின் பாதுகாப்புப் படலத்துக்கு இரும்பு அயனிதான் துணை செய்யும். குழாய் என்ன உலோகம் என்றே கேட்காமல் விலை சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இனி அளவுக் கணக்கு. இதை விற்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. பொதுவாகக் குறிவைக்கப்படும் அளவு லிட்டருக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் செம்பு. பம்புகள் மணிக்கு 1000 கன மீட்டர் நீர் இழுத்தால் மணிக்கு 2 கிராம் செம்பு கரைய வேண்டும். வருடத்துக்கு 17.5 கி.கி., 5 வருட ட்ரை டாக் இடைவெளிக்கு ஏறத்தாழ 88 கி.கி. கம்பியைக் கடைசிவரை கரைக்க முடியாது. 85 சதவீதம் பயன்படும் என்று வைத்தால் 103 கி.கி. வாங்க வேண்டும். 100 மி.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள செப்புக் கம்பி 70 கி.கி. இருக்கும். ஆகவே ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒரே கம்பியைக் கொடுத்து "5 வருடம் உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால், அளவு குறைந்திருக்கும் அல்லது நான்காம் வருடம் கம்பி இருக்காது.

கரண்ட் கணக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. செம்பு ஒற்றை மின்சுமை அயனியாகக் கரைந்தால் ஒரு ஆம்பியர்-மணிக்கு 2.37 கிராம் போகும். இரட்டை மின்சுமையாகக் கரைந்தால் அதில் பாதி, 1.19 கிராம். கடல்நீரில் குளோரைடு மிகுதி என்பதால் பெரும்பகுதி ஒற்றை மின்சுமையாகத்தான் கரைகிறது. மேலே சொன்ன மணிக்கு 2 கிராமுக்கு ஒரு கணக்கில் 0.84 ஆம்பியர் வரும், மற்றதில் 1.7 ஆம்பியர். விற்பனையாளர் எந்த எண்ணை எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். 1.19 வைத்துக் கம்பியின் ஆயுளைக் கணக்கிட்டிருந்தால், உண்மையில் கம்பி பாதிக் காலத்திலேயே தீர்ந்துபோகலாம். அலுமினியத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஆம்பியர்-மணிக்கு 0.335 கிராம், ஒரு ஆம்பியரில் 5 வருடத்துக்குச் சுமார் 15 கி.கி. அதே அளவுக் கம்பி அலுமினியத்தில் 21 கி.கி. என்பதால் ஒன்று தாராளமாகப் போதும்.

கம்பியை எங்கே பொருத்துவது என்பதில் இரண்டு வழி. சீ செஸ்டுக்குள்ளேயே பொருத்தினால் நீர் நுழையும் வாசலிலிருந்தே பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் மாற்றுவதற்கு ட்ரை டாக் வேண்டும். ஸ்ட்ரெய்னருக்குள் பொருத்தினால் வால்வை மூடிவிட்டுக் கடலிலேயே மாற்றலாம். அந்த வசதிக்கு விலை, ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் உள்ள சீ செஸ்டும் முதல் வால்வும் பாதுகாப்பில்லாமல் போவது. அந்த முதல் வால்வு சிப்பி அடைத்து முழுதாக மூடாமல் போனால், ஸ்ட்ரெய்னரைத் திறக்கவே முடியாது, அப்புறம் கம்பியை எங்கே மாற்றுவது? ட்ரை டாக் இடைவெளி ஒழுங்காக உள்ள கப்பலுக்குச் சீ செஸ்டில் பொருத்துவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வருடக்கணக்கில் இடம் பெயராத எஃப்பிஎஸ்ஓ (கடலில் எண்ணெய் எடுத்துச் சேமிக்கும் மிதவைக் கப்பல்) போன்றவற்றுக்குத் தனி எலெக்ட்ரோலிசிஸ் டேங்க் வைத்து, செம்பு கலந்த நீரைச் சீ செஸ்டுக்குக் குழாயில் அனுப்பும் அமைப்பே பொருந்தும். கடல்மேடைகளில் கெய்சன் என்ற செங்குத்துக் குழாய்க்குள் தொங்கும் பம்புக்கு, நீர் இழுக்கும் வாய்க்குக் கீழே ஆனோடு வரவேண்டும். மேலே தொங்கவிட்டால் செம்பு பம்புக்குள் போகாது.

பொருத்தும் நாளில் நடக்கும் தவறுகளைப் பிறகு நீருக்கடியில் சரிசெய்ய முடியாது. அதனால் இந்தப் பகுதியை விரிவாகவே சொல்கிறோம். ஆனோடைத் தாங்கும் ஸ்டட் என்ற திருகுத்தண்டு ஹல் தகட்டின் வழியாக எஞ்சின் ரூமுக்குள் வருகிறது. ஸ்டட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் அல்லது பிவிசி ஸ்லீவும் கேஸ்கெட்டும் முழு இன்சுலேஷன் கொடுக்க வேண்டும். உட்பக்கம் ஸ்டட்டின் மேல் நீர் புகாத காஃபர்டாம் மூடி கட்டாயம், கேஸ்கெட் விட்டுப்போனால் கடலைத் தடுத்து நிறுத்துவது அது ஒன்றுதான். தகட்டுக்கு அருகே கம்பியின் கழுத்தைச் சுற்றி இன்சுலேஷன் உறை இருக்கிறதா பாருங்கள். எஃகுக்கு மிக அருகில் கரண்ட் குறுக்குவழியில் பாய்வதால் கம்பி கழுத்தில்தான் வேகமாக மெலியும். உறை இல்லாவிட்டால் பாதிக் கம்பி கரையாமல் இருக்கும்போதே கழுத்து அறுந்து, மிச்சம், சீ செஸ்டின் வாசலில் உள்ள கிரேட்டிங் (கிராதி) மேல் விழும். வெறும் எஃகைத் தொட்டுக் கிடக்கும் செப்புத் துண்டு, தன்னைச் சுற்றியுள்ள எஃகைக் குழிகுழியாக அரிக்க வைக்கும்.

டாக்கில் நீர் விடுவதற்கு முன்பே இன்சுலேஷனை அளந்துவிடுங்கள். முதலில் பேனலிலிருந்து ஒயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்சுலேஷன் அளக்கும் மெகரின் வோல்டேஜ் எலெக்ட்ரானிக்ஸைக் கெடுத்துவிடும். காய்ந்த நிலையில் ஆனோடுக்கும் ஹல்லுக்கும் நடுவே மெகாஓம் கணக்கில் வர வேண்டும். நீர் ஏறிவிட்டால் கடல்நீரே இரண்டையும் இணைத்துவிடும், அப்போது இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. பெயிண்டர்கள் வேலை முடிக்கும்வரை கம்பிகளை டேப்பும் துணியும் சுற்றி மூடி வையுங்கள். நீர் விடுவதற்கு முன் அதைக் கழற்றியதற்கு ஒருவர் கையெழுத்து வாங்குங்கள். பெயிண்ட் அடித்த கம்பியும் டேப் சுற்றிய கம்பியும் கரையாது.

அடுத்தது முனை. பேனலின் நேர்முனை ஆனோடுக்கு, எதிர்முனை ஹல்லுக்கு. மாற்றி இணைத்தால் செம்பு பாதுகாக்கப்படும், ஹல் கரையும். எஃகு ஒரு ஆம்பியர்-மணிக்கு 1.04 கிராம் கரையும் என்பதால், ஒரு ஆம்பியரில் வருடத்துக்கு 9 கி.கி. எஃகு போகும். அந்த 9 கிலோவும் சீராகப் போகாது. பெயிண்ட் உரிந்த இடங்களிலும் வெல்டிங் ஓரங்களிலும் குவிந்து போகும், குழாய்த் தகடு துளைபட அது போதும். முனைத் தவறு டெர்மினலில் மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனோடு ஹல்லைவிட நேர்மின்னாகக் காட்ட வேண்டும்.

இனி மீட்டர் பொய் சொல்லும் விஷயம். இந்தப் பேனல்கள் குறித்த கரண்டை விடாமல் அனுப்பும் வகை. நீங்கள் 0.8 ஆம்பியர் வைத்தால், எந்த வழியாவது 0.8 ஆம்பியர் அனுப்பியே தீரும். காஃபர்டாமில் உப்புநீர் கசிந்து ஸ்டட்டும் தகடும் இணைந்துவிட்டால் கரண்ட் அந்த வழியாகவே ஓடிவிடும். ஆம்பியர் மீட்டர் 0.8 காட்டும், செம்பு கரையாது. அப்போது காட்டிக்கொடுப்பது வோல்டேஜ். வழக்கமாக இருந்த அளவிலிருந்து அது சட்டென்று விழுந்து, ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்திருக்கும். எதிர்ப்பக்கப் பழுதில் வோல்டேஜ் உச்சிக்கு ஏறி ஆம்பியர் விழும். ஒயர் அறுந்திருக்கலாம், டெர்மினல் துருப்பிடித்திருக்கலாம், கம்பி தீர்ந்திருக்கலாம், கப்பல் ஆற்றுக்குள் நுழைந்திருக்கலாம். நன்னீர் கரண்டைச் சரியாகக் கடத்தாது என்பதால் கடைசியாகச் சொன்னது பழுதில்லை, கப்பல் கடலுக்குத் திரும்பியதும் எண்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். எனவே வாங்கும்போது ஒவ்வொரு ஆனோடுக்கும் ஆம்பியர், வோல்டேஜ் இரண்டும் தனித்தனியாகக் காட்டும் பேனலையே கேளுங்கள். எல்லா ஆனோடுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் உள்ள பேனல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். நீரில் இறங்கிய முதல் வாரத்து எண்களைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் மல்டிமீட்டரே போதும். பேனலை அணைத்து, செப்பு ஆனோடின் ஒயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, ஒயருக்கும் ஹல்லுக்கும் நடுவே டிசி வோல்டேஜைப் பாருங்கள். செம்பும் எஃகும் கடல்நீரில் வேறு வேறு மின்னழுத்தத்தில் நிற்பதால் சில நூறு மில்லிவோல்ட் வர வேண்டும். எஃகுக்குப் பதிலாகக் கரையும் துத்தநாகத் துண்டுகளோ, கரண்ட் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் ஐசிசிபி அமைப்போ ஹல்லை நன்றாகக் காத்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகம் வரும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். அலுமினிய ஆனோடுக்கு இந்தச் சோதனை சரிவராது, காக்கப்பட்ட எஃகும் அதுவும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். டாக்கில் இன்னொரு தடயம் உண்டு. சீ செஸ்டின் துத்தநாகத் துண்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால், அதன் அருகே உள்ள செப்பு ஆனோடை முதலில் சோதியுங்கள். ஷார்ட் ஆன செம்புக்காகத் துத்தநாகம் கரைந்திருக்கக்கூடும்.

ஸ்ட்ரெய்னரைத் திறக்கும்போது கூடையைக் கொட்டிவிட்டு மூடிவிடாதீர்கள், ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். வெறும் கூடாக, உள்ளே சதை இல்லாமல், ஓரம் மழுங்கி இருந்தால் பழைய வளர்ச்சி உதிர்ந்து வருகிறது என்று பொருள். புதிதாக எம்ஜிபிஎஸ் பொருத்திய கப்பலில் இது கொஞ்ச நாள் வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், நகத்தால் அழுத்தினால் ஈரமாக நசுங்கும் உயிருள்ள கொட்டலசு கூடையின் சுவரிலேயே ஒட்டியிருந்தால், கருவி இப்போது வேலை செய்யவில்லை, போன வாரங்களிலும் செய்யவில்லை. எந்த விளம்பரத்தாளையும்விட நம்பகமான சாட்சி இதுதான். நீரில் செம்பின் அளவை ஆய்வகத்தில் பார்க்கலாமே என்று தோன்றும். இவ்வளவு நுண்ணிய அளவில் மாதிரி எடுக்கும் பாட்டிலும் பித்தளைக் குழாயுமே முடிவைக் கெடுத்துவிடும், துறைமுக நீரிலேயே செம்பு கலந்திருக்கவும் கூடும். கூலரின் உள்வாய், வெளிவாய் பிரஷர் வித்தியாசத்தையும் வெப்பநிலையையும் வாரம் ஒருமுறை குறித்துவைப்பது அதைவிடப் பயன்தரும்.

துறைமுகத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மணிக்கு 1000 கன மீட்டருக்கு வைத்த கரண்டை 300 கன மீட்டர் மட்டும் ஓடும்போதும் அப்படியே விட்டால் செம்பின் அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறும். கம்பியும் வீண், துறைமுக நீருக்கும் கெடுதல். பம்பின் ஓட்டத்துக்கு ஏற்பக் கரண்டைக் குறையுங்கள். அதற்காக முழுதாக அணைத்துவிடவும் கூடாது. கடலோரத்தில்தான் குஞ்சுகள் அதிகம், நிற்கும் கப்பலில்தான் அவை ஒட்டும். பயன்படுத்தாத பக்கத்துச் சீ செஸ்டுக்கும் சிறிதளவு கரண்ட் போய்க்கொண்டிருக்கட்டும். மூடியே கிடக்கும் சீ செஸ்டில் நீர் அழுகி சல்பைடு உண்டாகும், பக்கம் மாற்றும் நாளில் அது செம்பு-நிக்கல் குழாய்களைத் தாக்கும். ஆகவே மேல், கீழ் சீ செஸ்டுகளை அடிக்கடி மாற்றி ஓட்டுங்கள்.

இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. ஏற்கனவே ஒட்டி வளர்ந்ததை இது எடுக்காது. அடைபட்ட குழாய்க்கு முதலில் சுத்தம், பிறகுதான் எம்ஜிபிஎஸ். ஹல்லின் வெளிப்புறத்துக்கோ கடல்மேடையின் கால்களுக்கோ இதனால் பயன் இல்லை. அங்கே உயிரினம் ஒட்டாமலிருக்கப் பெயிண்டும், அரிக்காமலிருக்க எஃகைச் சில்வர் குளோரைடு அளவுகோலில் மைனஸ் 0.80 வோல்டுக்குக் கீழே வைத்திருக்கும் கதோடிக் பாதுகாப்பும்தான் வேலை செய்யும். ஐசிசிபி உள்ள கப்பலிலும் ஹல்லுக்கு வெளியே ஓடும் கரண்ட் சீ செஸ்ட் பள்ளத்துக்குள் சரியாக எட்டாது. எம்ஜிபிஎஸ் வாங்கிவிட்டோம் என்று சீ செஸ்டின் துத்தநாகத் துண்டுகளை நிறுத்திவிடாதீர்கள். கூலரின் பிளேட்டில் படியும் வழுவழுப்பான பாக்டீரியப் படலத்துக்கு எதிராகவும் செம்பு சுமார்தான், அதில் குளோரின் முந்தும்.

குளோரின் பேச்சு வந்ததால், கடல்நீரிலிருந்தே ஹைப்போகுளோரைட் தயாரிக்கும் கருவியோடு ஒரு ஒப்பீடு. அதன் டைட்டானியம் எலெக்ட்ரோடு கரைந்து தீராது, அளவைக் கூட்டிக் குறைப்பது எளிது, படலத்தையும் அழிக்கும். மறுபக்கம், எதிர்முனையான கதோடில் கால்சியமும் மக்னீசியமும் படிந்து அடிக்கடி ஆசிட் கழுவல் கேட்கும். ஹைட்ரஜன் வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும், அளவு மீறினால் குழாயையே அரிக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சிப்பிகள் குளோரின் வாடை பட்டதும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கொடுக்கும் முறையால் சிப்பி சாகாது. பெரிய நீரளவும் ஆள்பலமும் உள்ள கடல்மேடைக்கு அது சரி. ஆள் குறைந்த சரக்குக் கப்பலுக்குச் செப்பு ஆனோடுதான் தொல்லை குறைந்தது.

வாங்கவே கூடாதவர்களும் உண்டு. அலுமினிய ஹல் உள்ள படகோ, கடல்நீர் படும் அலுமினிய உறுப்புகள் உள்ள கூலரோ இருந்தால் இது வேண்டாம். நீரில் உள்ள செம்பு அலுமினியத்தின்மேல் படிந்து, படிந்த இடமெல்லாம் குழி விழும். டைட்டானியம் பிளேட் கூலருக்கு அந்தப் பயம் இல்லை. பெரும்பாலும் ஆற்று வழியிலேயே ஓடும் கப்பலுக்கும் இது வீண் செலவு.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. 2001-இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) உடன்படிக்கை தகரம் கலந்த டிபிடி பெயிண்டைத் தடை செய்தது, 2023 ஜனவரியில் பெயிண்டில் சேர்க்கும் பாசிக்கொல்லியான சைபுட்ரினும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. செம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஐஎம்ஓ 2023-இல் திருத்தி வெளியிட்ட உயிர்ப்படிவு வழிகாட்டுதல் கப்பலுக்கு மேலாண்மைத் திட்டமும் பதிவேடும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சீ செஸ்டைத் தனிக் கவனம் வேண்டிய இடமாகவும் குறிப்பிடுகிறது. எம்ஜிபிஎஸ் எண்களை அந்தப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். பரிசோதகர் கேட்கும்போது ஒரு வருடத்து ஆம்பியர்-வோல்டேஜ் பதிவும் ஸ்ட்ரெய்னர் படங்களும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆர்டர் கொடுக்கும் தாளில் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த நீரளவுக்கு, லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராமுக்கு, ஆம்பியர்-மணிக்கு எத்தனை கிராம் என்று வைத்து, எத்தனை சதவீதப் பயன்பாட்டில் கம்பியின் எடை கணக்கிடப்பட்டது. கழுத்து உறை, காஃபர்டாம் மூடி, ஒவ்வொரு ஆனோடுக்கும் தனி வோல்டேஜ் மீட்டர் ஆகியவை விலையில் அடக்கமா என்பதும் அதே தாளில் வரட்டும். அடுத்த டாக்கில் பழைய கம்பியைக் கழற்றியதும் தராசில் வையுங்கள். குறைந்த எடையை, பதிவேட்டில் உள்ள ஆம்பியர்-மணிகளால் வகுத்துப் பாருங்கள். 1.2 கிராமுக்கும் 2.4 கிராமுக்கும் நடுவே வந்தால் கருவி உழைத்திருக்கிறது. அதற்கு மிகவும் கீழே வந்தால், புதுக் கம்பி பொருத்துவதற்கு முன் ஒயர், கிளாண்ட், ஸ்லீவ் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள்.